சுலோகத்துக்குச் சொன்ன ஆமென்

நாற்பத்தொரு வருஷம் எங்கள் வீட்டில் ஜெபம் செய்தது என் வீட்டுக்காரர். நான் ஆமென் மட்டும் சொன்னேன். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தென்காசிக்கும் அச்சன்புதூருக்கும் நடுவில் கூட்டத்துக்குள்ளே கத்திக் கத்திப் பழகிய குரல். அவர் கண்ணை மூடித் தொடங்கினால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். அவர் அப்படிச் செய்யும்போது எனக்கு என்ன வேலை? சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசியில் ஒரு ஆமென்.

சத்தமாக ஜெபம் செய்ய எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மற்றப் பெண்கள் அழகழகான வார்த்தையாக அடுக்குவார்கள். எனக்கு வருவதெல்லாம் உப்பு, புளி கேட்கிற பேச்சு. அந்தப் பேச்சில் ஆண்டவரிடம் மனசுக்குள் பேசிக்கொள்ளலாம், நாலு பேர் காதில் விழப் பேச முடியுமா? வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் சங்கிலி ஜெபம் வைப்பார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி முடித்ததும் பக்கத்தில் இருக்கிறவள் தொடங்க வேண்டும். என் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போதே காப்பி கொதித்துவிட்டதா என்று பார்க்க நான் எழுந்துவிடுவேன். கூட்டத்தில் மூத்தவள் ஒருநாள், "இவளுக்கு ஆண்டவரு காப்பி ஊழியத்தக் குடுத்திருக்காரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆற்றிக் கொடுத்தேன்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஜெபச் சத்தம் இல்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பேன். பிறகு வாய் தானாக ஆமென் என்று சொல்லும். அது ஒன்றுதான் வீட்டில் கேட்கிற மனுஷக் குரல்.

மகன் சென்னையில் இருக்கிறான். மருமகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், கோயிலுக்குப் போய்வருகிற குடும்பம். இருவரும் பிரியப்பட்டுக் கட்டிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் முதலில் குதித்தார், பேத்தி பிறந்ததும் அடங்கிவிட்டார். இப்போது பேத்திக்குப் பத்து வயது, பேரனுக்கு ஆறு. குற்றாலத்தில் சாரல் விழுந்தால், லீவு பார்த்து மூன்று நாள் வருவார்கள். வருஷத்துக்கு அந்த மூன்று நாள்தான் பிள்ளைகள் என் கைக்கு.

அதனால்தான் எனக்குப் பயம். நான் வாயைத் திறந்து சாமி விஷயம் ஏதாவது பேசி, அது மருமகளுக்குப் பிடிக்காமல் போய், அடுத்த வருஷம் "லீவு கிடைக்கல அத்தை" என்று சொல்லிவிட்டால்? மகன்தான் ஆராதனைக்குப் போவதை விட்டு வெகுநாளாகிறதே, அவனும் என் பக்கம் பேசமாட்டான். ஆனால் பேசாமலே இருந்தால் இன்னொன்று நடக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது தேங்காய்ப்பால் சொதியும் முறுக்கும் மட்டும் என்று ஆகிவிடும். இத்தனை வருஷம் எதைப் பிடித்துக்கொண்டு ஆச்சி நின்றாள் என்று தெரியாமலே வளர்ந்துவிடுவார்கள்.

இந்த வருஷம் சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார்கள். சொதியும் இஞ்சித் துவையலும் செய்திருந்தேன். எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். பேத்தி கைகூப்பிக் கண்ணை மூடி ஒரு சுலோகம் சொன்னாள். பேரனும் கூடவே முணுமுணுத்தான். ஜெபச் சாயலில் ஒரு குரல் அந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாள். எனக்கும் கண் மூடிக்கொண்டது. பிள்ளை நிறுத்தியதும் என் வாய் பழக்கத்தில் சத்தமாக ஆமென் என்றது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகனும் சிரித்தான். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள். அவள் சிரித்தாளா, முகம் சுளித்தாளா, எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் சுலோகத்தை நான் என் பக்கம் இழுத்ததாக நினைத்துவிட்டாளோ. எங்கள் கூட்டத்துப் பெண்களுக்குத் தெரிந்தால் அவர்கள் வேறு ஒரு பாட்டம் பேசுவார்கள்.

பேத்தி விடவில்லை. "ஆச்சி, இது சென்னைப் பாட்டி சொல்லிக்குடுத்தது. உங்களோடது என்ன? சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மக்கா. நீ சாப்பிடு" என்றேன்.

சுவரில் என் வீட்டுக்காரர் படம் இருந்தது. அன்றைக்கு நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எழுந்திருக்கும் முன்னே இட்லி அவித்து மூடிவைத்துவிட்டு முதல் ஆராதனைக்குத் தனியாகப் போனேன். வாங்க என்று யாரையும் கூப்பிடவில்லை. முன் வரிசையில் ஒருத்தி மடியில் அவள் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் காலில் செருப்பு கழன்று தொங்கிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன், பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. திரும்பி வந்தபோது எங்கே போனீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

திங்கட்கிழமை காலையில் மெயின் அருவிக்குப் போனோம். அன்று மத்தியானம் அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மகன் பேரனைக் கூட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனான். போகும்போது, "அம்மா, பையப் பாத்துக்கோங்க" என்றான். அருவிக்கு வந்தால் என் வேலை அது. எல்லார் துணியையும் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். நான் அருவியில் குளித்து இருபது வருஷம் இருக்கும்.

பெண்கள் பக்கம் தண்ணீர் கனமாக விழுந்தது. பேத்தி பக்கத்தில் போனாள், சத்தத்தைக் கேட்டுத் திரும்பி ஓடி வந்துவிட்டாள். மருமகள் எவ்வளவு கூப்பிட்டும் நகரவில்லை. "சரி, ஆச்சிகிட்ட இரு" என்று விட்டுவிட்டு அவள் போய்க் கூட்டத்துக்குள் நின்றாள். பிள்ளை என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தது. எங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, உங்களுக்குப் பயமே கிடையாதா?"

"எனக்கும் பயந்தான் மக்கா. அருவிக்கு இல்ல."

"அப்ப எதுக்கு?"

எப்படி வந்ததோ தெரியாது, பெரியவர்களிடம் சொல்லாததைப் பிள்ளையிடம் சொன்னேன். "சத்தமா ஜெபம் பண்ணப் பயம்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அதுக்கா? யாரு அடிப்பாங்க?"

யாரும் அடிக்கமாட்டார்கள் என்றேன். பிறகு எதற்குப் பயம் என்று கேட்டாள். மடியில் இருந்த துணியை இழுத்து வைத்துக்கொண்டேன். அவளே ஒரு பேரம் பேசினாள். "நீங்க அதைப் பண்ணுங்க, நான் தண்ணிக்கு வரேன். நீங்களும் கூட வரணும்."

நான் மருமகள் நின்ற பக்கம் பார்த்தேன். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நேரம் போனால் மத்தியானம் வண்டி ஏறிவிடுவார்கள். இனி அடுத்த சாரல்தான். தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தேன். இந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம்தான். பிள்ளை என் கையை இழுத்தாள்.

"ஆச்சி, ஒண்ணுமே கேக்கல."

இன்னும் கொஞ்சம் கூட்டினேன். கேட்கவில்லை என்றாள். கடைசியில் பஸ்ஸில் அவர் கத்துகிற மாதிரி நானும் கத்தினேன்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குத் தண்ணியப் பாத்தாப் பயமா இருக்கு. எனக்கு மனுசரப் பாத்தாப் பயமா இருக்கு. ரெண்டு பேரு கையையும் பிடிச்சிக்கிடும்."

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. அதற்கு மேல் சொல்லவும் இல்லை. நான் கண்ணை மூடியபடியே இருந்தேன். வேறு யாரோ ஆமென் சொல்ல வேண்டும் என்று காத்திருந்திருக்கிறேன். பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அவள் என் முழங்கையில் தட்டி, "முடிஞ்சுதுன்னா வாங்க" என்றாள்.

பையை அந்த எண்ணெய்க்காரப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனோம். அருவிக்கு நேர் கீழே போகவில்லை, ஓரத்தில் சிதறி விழுகிற இடத்தில் நின்றோம். அங்கேயே அடி பலமாகத்தான் இருந்தது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் தலையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், நாங்கள் நனைந்து நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளை ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆச்சி கத்திச் சாமி கும்பிட்டதை, என்ன சொன்னேன் என்பதை, வார்த்தை விடாமல். படியில் ஏறி உட்கார்ந்ததும் மருமகள் கேட்கும் முன்னே நானே கேட்டுவிட்டேன்.

"தப்பா எடுத்துக்கிடாதம்மா. பிள்ளைகிட்ட நான் இப்படிப் பேசலாமா?"

அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "எங்கம்மா சொல்லிக்குடுக்கறாங்க, நீங்க எதுவுமே சொல்றதில்ல. நானாத்தான் உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சிட்டு இருந்தேன் அத்தை. இவங்கள உங்க பிள்ளைங்களா எடுத்துக்கலையோன்னு."

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. பத்து வருஷமாக நான் ஒரு கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அவள் போட்டதாக நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. மகன் வந்து, பையை யாரோ ஒரு பெண் கையில் பார்த்துவிட்டு, "ஒரு பையப் பாத்துக்க முடியலையாம்மா" என்று கோபப்பட்டான். மருமகள் அவனைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

மத்தியானம் போய்விட்டார்கள். கொடியில் பிள்ளையின் ஈரத் துண்டு ஒன்று மறந்து கிடந்தது. அது காய்ந்தும் மூன்று நாள் நான் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். அடுத்த ஞாயிறு பேத்தி பள்ளிக்கூடக் கதை பேசினாள், ஜெபத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே போனது. போனை வைத்ததும் வீடு இன்னும் பெரிதாகத் தெரியும். அருவி இரைச்சல் இருந்ததால்தான் அன்று துணிந்தேனோ, இந்த அமைதியில் என்னால் ஆகாதோ என்று தோன்றியது.

மூன்றாவது ஞாயிறு அவள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள், கையில் தோசை. வழக்கமான சுலோகத்தைச் சொல்லி முடித்தாள். நான் ஆமென் என்றேன். சிரித்தாள். "இரு மக்கா, இப்ப என்னோடது" என்று சொல்லிக் கண்ணை மூடித் தொடங்கினேன். தோசைக்கு நன்றி சொன்னேன், அவள் பரீட்சையைச் சொன்னேன், அவள் அம்மாவுக்கு இடுப்பு வலி தீர வேண்டும் என்று சொன்னேன். கண்ணைத் திறந்தால் போனில் என் முகம் மட்டும் இருக்கிறது. சிக்னல் போய்விட்டது. எப்போது போனதோ. யாரும் இல்லாத வீட்டில் அவ்வளவு நேரம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாதியில் விட மனசில்லை, மீதியையும் சொல்லி முடித்தேன்.

போன் மறுபடி அடித்தது.

"ஆச்சி, கட் ஆயிடுச்சு. தோசை வரைக்கும்தான் கேட்டுது. அப்புறம் என்ன?"

முதலில் இருந்து தொடங்கினேன்.