இன்பராஜ் சார் கடலில் சாகவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. வாரத்தில் ஒருநாள் கிடைக்கிற தூக்கத்தை முடித்துவிட்டு அடுப்படியில் நின்றிருந்தேன். ஷூ கம்பெனியில் என் தையல் வரிசையில் வேலை செய்யும் நசீமா போன் செய்தாள். "அக்கா, கட்டிங் இன்பராஜ் சார் போய்ட்டாராம்க்கா. இன்னிக்குக் கடலுக்குத்தானே கெளம்பினார்?" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

நான் அழவில்லை. ஓடிப்போய் என் கைப்பையை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்தேன். சீப்பு, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டுகள், நடுவில் ஒரு சின்னக் காகித உறை. பிரிக்கவே இல்லை. உள்ளே துணி தைக்கிற ஊசி. வெள்ளிக்கிழமை அவர் ஓட்டும் படகின் பாயை அந்த ஊசியால் தைத்துக் கொடுத்ததாகத்தான் அந்த நிமிஷம்வரை நினைத்திருந்தேன். அப்படியென்றால் தோல் ஊசியிலேயே தைத்திருக்கிறேன். "ஐயையோ, அந்த மனுஷன நானே கொன்னுட்டேனே" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

ஆம்பூரிலிருந்து வேலூர் சத்துவாச்சாரிக்கு பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அந்த உறையைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் வீட்டு வாசலில்தான் விஷயம் தெரிந்தது. சென்னைக்குப் போகிற முதல் ரயிலுக்காகக் காட்பாடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. பாய் வைத்த பை மடியிலேயே இருந்ததாம். டீ விற்கிறவர் தோளைத் தொட்டபோது தலை சாய்ந்ததாம். கடலுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு மணி நேர ரயில் பயணம் பாக்கி இருந்தது. இதைக் கேட்டதும் என் மனசு முதலில் சொன்னது என்ன தெரியுமா? அப்பாடா. சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு அப்பாடா என்று நினைத்தவள் நான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் ஊர் வாயை என்ன செய்ய? இன்றைக்கும் எங்கள் கேண்டீனில் அவர் கடலில் மூழ்கிப் போனதாகத்தான் பேச்சு. "இந்த வயசுல அவருக்கு இதெல்லாம் தேவையா?" என்று உச்சுக்கொட்டுகிறார்கள். அடக்கத்துக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே அதைச் சொன்னார். "கடல் அவரை ஒண்ணும் பண்ணலைங்க. தெரிஞ்சா பேசுங்க, இல்ல சும்மா இருங்க" என்று நான் போட்ட சத்தத்தில் ஜெபம் நின்றுபோனது. அதற்காக வருத்தப்படவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் நீங்களாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நானும் அவரும் ஒரே ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தோம். அவர் தோல் வெட்டும் பிரிவுக்குப் பொறுப்பு, நான் தைக்கும் பிரிவுக்கு. அவர் வெட்டி அனுப்புவதை நாங்கள் தைக்க வேண்டும். ஆகவே சண்டை இல்லாத நாளே கிடையாது. உள்ளங்கையால் ஒருமுறை தடவினாலே, மாடு முள்வேலியில் உரசிய இடம் எது, உண்ணி கடித்த இடம் எது என்று சொல்லிவிடுவார். தொண்டை மட்டும் ஊருக்கே கேட்கும். என் வரிசையில் ஒரு தையல் விலகினால் போதும், அந்தக் கோடியிலிருந்தே "இன்னாம்மா சாந்தி, கண்ணாடிய வூட்லயே வச்சுட்டு வந்துட்டியா?" என்று குரல் வந்துவிடும். நானும் விடமாட்டேன்.

ஐம்பது வயதில்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னைக்குப் போனவர், கடற்கரையில் நின்று ஒரு பாய்மரப் படகைப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை டீ நேரத்தில் என்னிடம் வந்து, "முப்பது வருஷமா நான் வெட்டற தோலெல்லாம் ஷூவாகிக் கப்பல் ஏறிப் போவுது. நான் இதுவரைக்கும் ஒரு தோணியில கூட கால் வெச்சதில்லம்மா. இது நியாயமா?" என்றார். சிரித்தேன். பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லாத ஊரில் படகு ஓட்டப் போகிறாராம் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவர் பாட்டுக்கு முதலில் நீச்சல் கற்றுக்கொண்டார். பிறகு சென்னையில் ஒரு படகு சங்கத்தில் சேர்ந்தார். கற்றுக்கொடுக்கிற பெண்ணுக்கு அவர் மகள் வயசு. டீ நேரத்தில் ஷூ கயிறுகளை வைத்துப் படகு முடிச்சுகள் போட்டுப் பழகுவார். சாம்பிள் ஷூவில் அவர் போட்டுவைத்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் ஒருநாள் ஷூ ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் திணறியது தனிக் கதை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு சங்கத்துப் படகின் பாய் ஒன்று கிழிந்தது. "எங்க ஊர்ல தைக்காத தையலா?" என்று பெருமையாகச் சொல்லி அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நானும் அதே பெருமையோடு, ஷூ தைக்கிற மெஷினிலேயே ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த ஞாயிறு நடுத் தண்ணீரில் காற்று பிடித்ததும், என் தையல் வழியாகவே பாய் தபால்தலை கிழிகிற மாதிரி நேராகக் கிழிந்தது. படகு கவிழ்ந்து, சார் உப்புத் தண்ணீர் குடித்து, இன்னொரு படகுக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள். காரணம் ஊசி. தோல் ஊசியின் முனை கத்தி மாதிரி, தோலை வெட்டிக்கொண்டு இறங்கும். தோலுக்கு அதுதான் சரி. துணியிலோ அது ஒவ்வொரு குத்துக்கும் இழையை அறுத்துவிடும். பாய் தைக்கிறவர்கள் கனவிலும் செய்யாத தப்பு. தோலே தைத்துப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் அது வரும்.

திங்கட்கிழமை அவர் என் வரிசைக்கே வந்துவிட்டார். நாற்பது பெண்களுக்கு முன்னால் கிழிந்த பாயைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் பாத்துக்கங்க, நம்ம சாந்தி மேடம் சல்லடை தெச்சிருக்காங்க" என்றார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. எனக்கு வந்ததே கோபம், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அவரே துணி ஊசி வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். அன்றிலிருந்து அந்தப் பாய்களுக்கு நான்தான் தையல்காரி.

அவருடைய ஆசை அந்தச் சின்னப் படகு அல்ல. உள்ளே படுத்துத் தூங்க இடமுள்ள பெரிய பாய்மரப் படகு, சொந்தமாக ஒரு யாட். புதுச்சேரியில் ஒருவர் பழையது ஒன்றை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி பின்பக்க முற்றத்தில் சாக்பீஸால் அந்தப் படகை அதே அளவுக்கு வரைந்தார். கூடச் சாப்பிடுகிற எங்கள் எட்டுப் பேரையும் உள்ளே உட்காரவைத்தார். "இது அடுப்பு. இது எஸ்தர் டீச்சர் படுக்கிற எடம். சாந்தி, நீ படகு ஓரத்துல உட்கார்ந்திருக்க, கொஞ்சம் தள்ளி உள்ள வா, தண்ணியில வுழுந்துடப் போற" என்றார். எஸ்தர் டீச்சர் அவர் மனைவி. எல்லாரும் டிபன் டப்பாவோடு கோட்டுக்குள் நகர்ந்து உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆள் வாங்கிவிடுவார் என்று தோன்றியது.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் ஒரு பாயோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் படகோட்டிக் காட்ட வேண்டிய நாள். அதில் தேறினால்தான் பெரிய படகுக்குப் போகலாம். எனக்கோ அன்று சாயங்காலம் ஷூ ஏற்றிய கண்டெய்னர் கிளம்பியாக வேண்டும். ஒடிந்த முனை ஷூவுக்குள் போய்விடக் கூடாது என்று, எங்கள் கம்பெனியில் பழைய ஊசியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. வெளி ஊசி உள்ளே வரவே கூடாது. ஆகவே துணி ஊசியைப் பைக்குள் ஒளித்துவைத்து, யாரும் பார்க்காதபோது மாற்றுவேன். அன்று ஊசி ஒடிந்து ஒடிந்து இரண்டு முறை புதுசு போட்டேன். அந்தக் குழப்பத்தில் இதையும் மாற்றியாயிற்று என்று மனசு எடுத்துக்கொண்டது. கடகடவென்று தைத்து, சரியாக மடிக்கக்கூட இல்லாமல் அவர் கையில் திணித்து, "போங்க சார், பேஜார் பண்ணாதீங்க" என்றேன். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது இதுதான்.

அப்பாடா என்ற நினைப்பு அடக்கம் முடிகிறவரைகூட நிற்கவில்லை. அந்த ரயில் அவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தால்? தனி ஆள், ஆடிக் காற்று, என் தையல். எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை எஸ்தர் டீச்சரைப் பார்க்கப் போனேன். பாய்ப் பை செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். "டீச்சர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும்மா" என்றார்.

லீவு போட்டிருந்த சனிக்கிழமை மதியம் சார் அந்தப் பாயை ஹாலில் விரித்து, வழக்கம்போல் உள்ளங்கையால் தடவிப் பார்த்திருக்கிறார். கை ஒரு இடத்தில் நின்றதாம். பிளேடு எடுத்து என் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, அறுந்த இழைகளெல்லாம் மறைகிற மாதிரி பெரிய ஒட்டாக வெட்டி வைத்து, கையாலேயே தைத்திருக்கிறார். நான்கு மணி நேரம். "சாந்திகிட்ட வாயத் தொறக்காத எஸ்தர். ஆர்டர் நெருக்கடியில இருந்தா பாவம். தெரிஞ்சா தூங்க மாட்டா" என்றாராம்.

பையைத் திறந்து பார்த்தேன். வெட்டத் தெரிந்த மனுஷன், தைக்கத் தெரியாதவர். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, எல்லாம் கோணல். என் வரிசையில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. டீச்சர்தான் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பாயை நேற்று சங்கத்துக்கு அனுப்பிவிட்டோம். அதை வேறு யாரோ ஓட்டுவார்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் என் தப்பு எதையும் அவர் சும்மா விட்டதில்லை. ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால்கூட ஊரைக் கூட்டியவர், உயிரே போயிருக்கக்கூடிய இந்த ஒன்றுக்கு வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை வந்து கத்தலாம் என்று வைத்திருந்தாரா, கடைசிவரை சொல்லாமலே விட்டிருப்பாரா, எனக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு வரவேண்டிய பாக்கி அந்தத் திட்டு ஒன்றுதான். வாங்கிக்கொள்ள நான் இருக்கிறேன். திட்ட அவர் இல்லை.