சினைப்பையில் ஒட்டிய கொழுப்பு

எங்கள் மீனவ ஊரான தோணிரேவில் எலியைக் கண்டால் யாருக்கும் ஆகாது. காயப்போட்ட வலையைக் கடித்துக் குதறிவிட்டுப் போய்விடும். அதற்குத் தீனி போட்டு வளர்த்து ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றதும் நைனா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாத்துக்கு?"

பெண் எலியின் சினைப்பையில் கொழுப்பை உடைக்கிற லைப்பேஸ் என்ற நொதி இருக்கிறது, அதை வைத்துத்தான் சினைப்பை தன் ஹார்மோனைச் செய்துகொள்கிறது என்று விளக்கினேன்.

"சினை புடிக்க கொழுப்பு வேணும்னு நண்டு புடிக்கிறவனுக்குத் தெரியாதா?" என்றார். அத்தோடு என் ஆராய்ச்சி வீட்டில் முடிந்துவிட்டது.

கல்லூரியில் முடியவில்லை. ஆய்வேடு எழுதும் நேரத்தில், மதிப்பீட்டுக் குழுவிலிருந்த பேராசிரியர் ஒருவர் குண்டைத் தூக்கிப் போட்டார். எலியின் சினைப்பை துளியூண்டு. அதைச் சுற்றிக் கொழுப்பு அப்பியிருக்கும். கொழுப்பிலும் அதே நொதி ஏராளம். "நீங்க அளந்தது சினைப்பையை இல்லம்மா, அதுல ஒட்டியிருந்த கொழுப்பை" என்றார். இல்லையென்று காட்டாவிட்டால் பட்டம் கிடையாது. முழுக்கச் சுரண்டி எடுக்கவும் வழியில்லை, சினைப்பை கிழிந்துவிடும். விடுதியில் அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நைனாவோடு வியாபாரியிடம் நண்டு விற்கப் போனேன். ஈரக் கயிற்றால் கட்டிய நண்டைத் தராசில் வைத்ததும் வியாபாரி வழக்கம்போல ஆரம்பித்தார்: "கயிறே பாதி கனம் கனக்குது."

கட்டை அவிழ்த்தால் கொடுக்கு விரலைப் பதம் பார்க்கும். நைனா நண்டைக் கட்டியதைவிட நீளமான ஈரக் கயிறு ஒன்றை எடுத்து எடைக்கல் பக்கம் போட்டார்; கயிற்றுக்குக் கயிறு கழிந்துவிடும். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். சின்ன வயதிலிருந்து பார்த்து அலுத்துப்போன காரியம். அன்று அங்கேயே சிரித்துவிட்டேன்.

"இன்னா சிரிப்பு?" என்றார் நைனா.

அங்கிருந்தே பொன்னேரிக்குப் பஸ் பிடித்தேன். ரயிலேறிக் கல்லூரிக்குப் போய், அதே வகை எலிகளின் சினைப்பையைச் சுற்றியிருந்த கொழுப்பைத் தனியாக எடுத்தேன். ஒட்டியிருக்கக்கூடியதைவிடத் தாராளமாகவே எடுத்து, அதிலிருந்த நொதியை அதே முறையில் அளந்தேன். சினைப்பையில் கிடைத்த அளவிலிருந்து அதை முழுதாகக் கழித்த பிறகும் பெரிய எண் மிச்சம் நின்றது. மறுபடி செய்தேன். மறுபடியும் நின்றது.

வாய்மொழித் தேர்வில் அதே பேராசிரியர் அதே கேள்வியைக் கேட்டார். கடைசி வரிசையில் நைனாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொழுப்பின் அளவை முதலில் காட்டினேன், பிறகு கழித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை இன்னொரு முறை பார்த்தார்.

"இது சினைப்பையோடதுதான். ஒத்துக்கறேன்" என்றார்.

எனக்கு ஒரே கர்வம். அடக்கிக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வேறு யாருக்காவது சந்தேகம் உண்டா என்று அரங்கத்தைப் பார்த்து நானே கேட்டேன்.