பாரம் சுமக்க வந்தவர்கள்

எங்கள் சபையில் மாதர் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பாடும்போது அவர்களுக்குச் சுருதி சேர்ந்திருக்கும். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மயிலாப்பூரில், சாந்தோம் பக்கமாகப் போகும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பாவின் தமக்கை, கைம்பெண், திருநெல்வேலியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து எங்கள் வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். என்னையும் அக்காவையும், இரண்டு பெண்பிள்ளைகளையும் குளிப்பாட்டி, பேன் பார்த்து, முதுகில் நாலு வைத்து, ஊட்டி ஆளாக்கியது அந்த அத்தைதான். அவள் ஒரு மார்ச் மாதக் காலையில் கிணற்றடியில் விழுந்தாள். பக்கவாதம். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, பேச்சு குழறியது. புத்தி மட்டும் துளிகூடக் குழறவில்லை.

அப்போதுதான் அக்காவுக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் பள்ளி திறக்கும் நாளன்று போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. அப்பா ஆபீசுக்குப் போய்விடுவார், நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அக்காவும் போய்விட்டால் பகலில் அத்தையை யார் புரட்டிப் போடுவது, யார் துணி மாற்றுவது? அக்கா போக முடியுமா முடியாதா என்பதுதான் அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே பேச்சு.

அப்பா முதலில் புத்தியாகத்தான் ஒரு காரியம் செய்தார். பட்டினப்பாக்கம் குப்பத்திலிருந்து ஒரு ஆயாவை ஏற்பாடு செய்தார். அவள் கத்தோலிக்கக்காரி, எங்கள் புராட்டஸ்டண்டு சபையில் யாரும் போடாத ஜெபமாலை கழுத்தில் தொங்கும். நல்ல உடம்புக்காரி. அத்தையும் லேசுப்பட்ட உடம்பில்லை, ஆனாலும் அலுங்காமல் தூக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்துவிடுவாள். வந்த முதல் நாளே இரண்டு பேரும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். மறுநாள் அவள் வரக் கொஞ்சம் நேரமானதும் "எங்கே அந்தச் சண்டாளி?" என்று அத்தை தேட ஆரம்பித்துவிட்டாள். அக்கா பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

இது மாதர் சங்கத் தலைவியின் காதுக்குப் போயிற்று. அந்த அம்மாளுக்கு அடையாற்றில் தோட்டத்தோடு கூடிய பங்களா. புருஷன் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஜட்கா வைத்துக்கொண்டு எங்கள் சந்துக்கு வந்தார், ஆயாவின் கழுத்தைப் பார்த்தார், அப்பாவை நடையிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"சபை உயிரோட இருக்கும்போது கூலிக்கு ஆள் வைக்கிறீங்களே. வேதத்துல கூலியாளைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஓநாயைக் கண்டால் கூலியாள் ஆடுகளை விட்டுவிட்டு ஓடுவான் என்று எழுதியிருப்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு ஓநாய் எதுவும் வரவில்லை. தலைவிதான் வந்தார். ஆனால் அப்பா ஆபீசில் துரைக்கும் சபையில் தலைவிக்கும் பயந்து பயந்தே முதுகு வளைந்துபோன மனுஷர். அன்றைக்குச் சாயங்காலமே, சபையார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி ஆயாவை நிறுத்திவிட்டார். அவள் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு போதகர், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று பவுல் அப்போஸ்தலர் எழுதியதை வைத்துப் பிரசங்கம் செய்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், பிரசங்கம் பிரமாதம். பெண்கள் பக்கம் ஒரே மூக்குறிஞ்சல். ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே கூடிப் பேசி, வாரத்தில் ஆளுக்கொரு நாள் முறை வைத்து அத்தையைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அக்கா நிம்மதியாகப் படிக்கப் போகலாம், இப்போதிருந்தே பழகிக்கொண்டால் ஜூனில் சிரமமிருக்காது என்றார் தலைவி. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பைத்தியக்காரி, நம்பினாள்.

முதல் நாள் முறைக்கு வந்த அம்மாள் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து யோபுவின் புத்தகத்தை ஆதியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஒரு நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வந்து உயிரை வாங்கிய சிநேகிதர்களைப் பற்றிய புத்தகம் அது. அதைப் போய் எடுத்தார் பாருங்கள். மத்தியானம் வரைக்கும் வாசித்தார். அத்தை ஈரத் துணியிலேயே கிடந்தாள். அக்கா சமையற்கட்டில் விருந்தாளிக்குக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் வந்தவரைப் பட்டினியாக அனுப்ப முடியுமா? சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, ஜெபம் பண்ணி, போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா ஒண்டியாக அத்தையைப் புரட்டித் துணி மாற்றினாள்.

இன்னொரு அம்மாள் தியாகராய நகர் என்று புதிதாகப் பேர் வைத்த இடத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசனை தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே, சிமெண்டுத் தரை எப்படிக் குளுகுளுவென்றிருக்கிறது என்று அத்தைக்கு விளக்கினார். தரையில் கால் ஊன்ற முடியாதவளிடம் தரையைப் பற்றி என்ன பேச்சு? வேறொருத்தர் வரவே இல்லை. ஆள்மூலம் ஆரஞ்சுப் பழம் அனுப்பி, ஜெபத்தில் நினைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். தலைவியின் முறை வெள்ளிக்கிழமை. அவர் அக்காவைத் தனியே அழைத்து, அத்தை ஏதாவது பழைய பாவத்தை அறிக்கை செய்யாமல் மறைத்து வைத்திருக்கிறாளா என்று விசாரித்தார். போதகரின் மனைவியை மட்டும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பாவப்பட்ட அம்மாள் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே அசந்து தூங்கிவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அந்தக் குழந்தையையும் அக்காதான் இடுப்பில் வைத்திருந்தாள்.

ஆக, அத்தை ஒரு பாரம், பாரம் சுமக்க வந்தவர்கள் இன்னொரு பாரம். அக்கா இரண்டையும் சுமந்தாள்.

மே மாதத்தில் அத்தையின் முதுகில் படுக்கைப் புண் வந்தது. தர்ம ஆஸ்பத்திரி டாக்டர், அடிக்கடி புரட்டிப் போட வேண்டும், ஒருத்தரால் ஆகாது, இரண்டு பேராவது பிடிக்க வேண்டும் என்றார். அக்கா கூச்சத்தை விட்டு, முறைக்கு வந்தவர்களிடம் கொஞ்சம் கைகொடுக்கச் சொல்லிக் கேட்டாள். ஒருவருக்கு இடுப்புவலி. ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு. தலைவி அக்காவின் தோளில் கை வைத்து, போதகர் பிரசங்கித்த அதே அதிகாரத்தில் சில வரிகள் தள்ளி அவனவன் பாரத்தை அவனவனே சுமப்பான் என்றும் எழுதியிருப்பதை ஞாபகப்படுத்தினார். பாருங்கள், பவுல் எழுதியதில் தனக்கு வேண்டியதைத் தேடி எடுப்பதற்கு அந்த அம்மாளுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கிறது! அத்தையின் முந்தானையைச் சரிசெய்ய மட்டும் நேரமில்லை.

அந்த ஆயாவைத் திரும்பக் கூப்பிடலாம் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். சங்கத்தார் மனம் புண்படும் என்றார். வீட்டில் ஒருத்திக்கு முதுகே புண்ணாகிக் கிடக்கிறது, இவருக்குச் சங்கத்தார் மனசு. அவர் அந்தப் புண்ணைப் பார்த்ததுகூட இல்லை. ஆண்பிள்ளை பார்க்கலாமா என்று, துணி மாற்றும் நேரத்தில் நடையில் போய் நின்றுகொள்வார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சங்கத்தின் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், அப்பாவும் நானும் ஓரமாக இருந்தோம். அடுத்த அறையில்தான் அத்தையின் கட்டில், கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் குடும்பத்தின் பாரம், இந்த வீட்டின் பாரம் என்று உருக்கமாக ஜெபிப்பார்கள். அந்தப் பாரம் பக்கத்து அறையில் முழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறதே என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

கூட்டத்தின் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. ஆளாளுக்கு ஜெப விண்ணப்பம் சொல்வார்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், காலில் ஆணி. யார் எதைச் சொன்னாலும் தலைவி அதை வாங்கி ஜெபிப்பார், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். அன்றைக்கு எல்லாரும் சொல்லி முடித்த பிறகு உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"எனக்கும் ஒண்ணு இருக்கு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை குழறாமல் பேசுவதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள கர்த்தர் என்னை எடுத்துக்கிடணும். பிள்ளை படிக்கப் போகணும்லா. அதுக்கு ஜெபம் பண்ணுங்க."

உலகத்தில் எந்த வீட்டிலாவது ஒரு மனுஷி இப்படிச் சொன்னால் பக்கத்திலிருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? சீ, என்ன பேச்சு இது, சும்மா இருங்க என்பார்கள். சண்டைக்காரி வீட்டில்கூட அப்படித்தான் சொல்வார்கள். அத்தை அதை மனசாரத்தான் கேட்டாள், எனக்குத் தெரியும். ஆனாலும் யாராவது ஒருத்தி அப்படி அதட்டுவாள் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. 

தலைவி கண்ணை மூடினார். எவ்வளவு அழகான ஒப்புக்கொடுத்தல் என்று சொல்லிவிட்டு ஜெபிக்கத் தொடங்கினார். இந்தத் தாயின் களைத்த சரீரத்துக்குச் சீக்கிரம் விடுதலை கொடும் என்றார். இந்த மாதத்திலேயே கொடும் என்றார். உமக்குச் சித்தமானால் என்று எந்த ஜெபத்திலும் சேர்த்துக்கொள்வார், அன்றைக்கு அதைக்கூட மறந்துவிட்டார். கூடம் முழுக்க ஒரே குரலாக ஆமென் என்றது. நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயும் ஆமென் என்றது. பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல, வாயைத் திறந்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா காப்பித் தட்டோடு சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டை அப்படியே தரையில் வைத்தாள்.

"ஜெபம் முடிஞ்சுதுல்லா? எல்லாரும் எந்திரிங்க. அத்தைக்குத் துணி மாத்தணும். ரெண்டு பேர் தோளைப் பிடிங்க, ரெண்டு பேர் காலைப் பிடிங்க."

ஒருத்தரும் அசையவில்லை. தலைவி தன் கைப்பையைத் தேடினார். அக்கா அவர்களை விட்டுவிட்டு, "அப்பா, நீங்க வாங்க" என்றாள்.

அப்பா எழுந்து போனார். அக்காவும் அவருமாக அத்தையை ஒருக்களித்துப் பிடித்தார்கள், நான் துணியை உருவினேன். அப்போதுதான் அப்பா அந்தப் புண்ணைப் பார்த்தார்.  தமக்கையின் தோளைப் பிடித்திருந்த பிடி நழுவியது. "தம்பி, ஒழுங்காப் பிடிடா" என்றாள் அத்தை.

கூடத்திலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் அழுக்குத் துணியோடு கொல்லைக்குப் போகாமல் வேண்டுமென்றே வாசல் வழியாகப் போனேன். தலைவியின் ஜட்காக்காரர் அவர்களுடைய முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னாம்மா, பெரிம்மா பூட்டாங்களா?"

இல்லை, உசிரோடதான் இருக்காங்க, இவங்கதான் அவசரப்படறாங்க என்றேன். தலைவியின் காதில் விழும்படிதான் சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு மணி அடிக்கிற நேரத்தில் அப்பா கோட்டு போடாமல், வேட்டியோடு பட்டினப்பாக்கம் குப்பத்துக்கு நடந்து போனார். நான் பிறந்ததிலிருந்து அவர் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஆயா லேசில் மசியவில்லையாம். பூசை முடிந்து வந்து, மணலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "இன்னா நைனா, உங்க ஆளுங்கல்லாம் தூக்குவாங்கன்னு சொன்னியே, இப்போ இன்னா ஆச்சு?" என்று கேட்டாளாம். அப்பா அத்தனை பேர் முன்னாலும் தலை குனிந்து நின்றாராம். முன்பைவிடக் கூலியைக் கூட்டிக் கேட்டாள். அப்பா மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டு அவளைக் கையோடு கூட்டி வந்தார்.

பள்ளி திறந்த நாளன்று அக்கா போய்ச் சேர்ந்தாள். காலையில் ஆயா வருவதற்குள் அத்தையை அப்பாவும் நானும் புரட்டிவிடுவோம். அப்பாவுக்கு அந்த வேலை கடைசிவரை சரியாக வரவில்லை. தினமும் அத்தையிடம் திட்டு வாங்கினார். வாங்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். புண் மெல்ல மெல்ல ஆறியது.

சபையில் தலைவி சாட்சி சொன்னார். ஒரு ஏழைக் குடும்பத்தின் பாரத்தைச் சங்கத்துப் பெண்கள் ஒருமனமாகச் சுமந்ததால் அந்த வீட்டுப் பெண் இன்று ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள் என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா எனக்குப் பக்கத்தில் இருந்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் தலைவி கேக் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடுவீடாகப் போவது அவருடைய வழக்கம். அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஆயா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கீங்கம்மா என்று தலைவி கேட்டார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கேன்மா. நீ கேட்டதுதான் கிடைக்கலை. விடாமக் கேளு."