ரெண்டாங்கோட்டை வருவதற்கு முன்

நேற்றுக் காலை கடையில் ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தபோது செல்பேசியில் ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. 'நீங்கள் ஆவலோடு காத்திருந்த விளையாட்டு இதோ வெளியாகிவிட்டது' என்றது. நான் எதற்கும் ஆவலோடு காத்திருக்கிற ஆள் இல்லை. அம்பாசமுத்திரத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவனுக்குக் கரண்ட் வருவதற்குக் காத்திருக்கவே பொழுது சரியாக இருக்கும். யாரோ ஏமாற்றுக்காரன் அனுப்பியது என்று அழிக்கப் போனேன். படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. மலை முகட்டில் வரிசையாகக் கோபுரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் இறக்கைகள். அடடா, ரெண்டாங்கோட்டை!

அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர். வாளும் மந்திரமும் பூதங்களும் உள்ள கம்ப்யூட்டர் விளையாட்டு அது. முதல் பாகத்தில் ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும் என்பதால் பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஜெரோம் அதைக் 'கோட்டை' என்பான். வரப்போகிற பாகம் 'ரெண்டாங்கோட்டை' ஆயிற்று. வெளியானால் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் என் மின்னஞ்சலையும் அவன்தான் பதிந்து வைத்திருந்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அந்த விளையாட்டை ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை. ஆனால் அதற்காக ஜெரோமோடு போட்ட சண்டையை மணிக்கணக்கில் அளந்தால் ஒரு மாதச் சம்பளத்துக்கான வேலை நேரம் தேறும்.

வார்னிஷ் வாசனைக்கு ஒரு கெட்ட பழக்கம், கூடவே கியர் ஆயில் வாசனையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். டிப்ளமோ முடித்த கையோடு ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். விக்கிரமசிங்கபுரத்தில், ஆற்றுச் சத்தம் காதில் விழுகிற தெருவில் வளர்ந்தவன் நான். அங்கே போய் இறங்கியதும் பனையும் உடைமரமும் செம்மண்ணும் காற்றும்தான். தூக்குச்சட்டியைத் திறந்தால் சோற்றில் மண். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி ஒரு கவரில் போட்டு, சைட் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். மூன்று வருஷம் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் போட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பீரோவைத் தாண்டி எங்கும் போக முடியாது என்று புரிய நாலைந்து மாதம் ஆயிற்று.

ஜெரோம் உவரிக்காரன். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள், அம்மா மீன் கூடையோடு பஸ் ஏறி பக்கத்து ஊர்ச் சந்தைகளுக்குப் போகிறவர். என் வயதுதான். எங்கள் இரண்டு பேரையும் ஒரு ஜோடியாகப் போட்டார்கள். காற்றாலையில் தனியாக ஏற விடமாட்டார்கள், ஜோடிதான். எண்பது மீட்டர் இரும்பு ஏணி, குழாய்க்குள் ஏறுவது மாதிரி. உச்சியில் பாதி பஸ் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள்தான் கியரும் ஜெனரேட்டரும் நாங்களும். வெயிலில் வெந்துபோகும். காற்று அடித்தால் பெட்டி பைய ஆடும். முதல் வாரம் நான் வாந்தி எடுத்தேன், ஜெரோம் படகில் பிறந்தவன் மாதிரி உட்கார்ந்து முறுக்குத் தின்றான்.

கீழே எங்கள் அறையில் சிக்னல் கிடையாது. உச்சியில் பிரமாதமாகக் கிடைக்கும். அதனால் சாப்பாட்டு வேளையில் இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து ரெண்டாங்கோட்டையின் டிரெய்லரைப் பார்ப்போம். இரண்டு நிமிஷம்கூட வராது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, உள்ளே என்னவெல்லாம் இருக்கும் என்று ஊகிப்பதுதான் ஜெரோமின் முழுநேரத் தொழில். காற்றாலை வேலையைப் பொழுதுபோக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றே சொல்லலாம். முதல் பாகத்தில் கடல் கிடையாது. இரண்டாவதில் உண்டு என்று சாதித்தான்.

"ஏலே, அந்தச் சந்தையில கூடையப் பாரு. மேல ஓலை மூடியிருக்கு, அடியில சொட்டுது. கடல் இல்லாம அந்தக் கூடை எங்கன இருந்து வந்துச்சாம்?"

"ஓரத்துல படி தெரியுது பாத்தியா? அது படித்துறை. அங்க ஆறுதான் இருக்கு."

"ஒனக்கு எதப் பாத்தாலும் ஆறுதாம்லே."

சர்வீஸ் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் அவன் அந்த உலகத்துக்கு வரைபடம் போட்டான். என் மனம் நோகாமல் இருக்க ஒரு ஆற்றையும் சேர்த்தான். அது மலையில் பிறந்து கடலில் சேர்வதற்குள் ஏழு இடத்தில் வளைந்தது. நான் எட்டு வேண்டும் என்றேன்.

அவனுக்கு உலகப் புகழ் கிடைத்தது கோபுரங்களால்தான். டிரெய்லரில் மலை முகட்டுக் கோபுரங்களின் இறக்கைகள் எல்லாம் சுற்றும், ஒன்று மட்டும் அசையாது. ரசிகர்கள் கூடிப் பேசுகிற இணையத்தளத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாபம் என்றான் ஒருவன், கோயில் என்றான் இன்னொருவன். நாங்கள் இருவரும் பார்த்த உடனே சிரித்துவிட்டோம். ராதாபுரம் வழியாக பஸ்ஸில் போகிறவர்களும் நிற்கிற காற்றாலையைக் காட்டி 'அது கெட்டுப்போச்சு' என்பார்கள். எங்களுக்கல்லவா தெரியும்! உள்ளே ஆள் ஏறியிருந்தால் இறக்கையை நிறுத்திவிட்டுத்தான் ஏறுவோம். அது நிற்கிறது என்றால் உள்ளே ஆள் இருக்கிறான். ஜெரோம் அதைத் தன் ஓட்டை இங்கிலீஷில், இறக்கை எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதுவரை படம் போட்டு எழுதினான். 'அந்தக் கோபுரத்துக்குள் ஒருவன் அடைபட்டிருக்கிறான், கதையே அவனை வெளியே கொண்டுவருவதுதான்' என்று முடித்திருந்தான். மறுநாள் உச்சிக்குப் போய்ப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் பாராட்டு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் அவனை ஆசான் என்று அழைத்தார்கள். ஆசான் அப்போது கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் ரசிகர்களிடையே நடந்த பெரிய சண்டை கூட்டாளிகளைப் பற்றியது. இந்த விளையாட்டில் நம்மோடு ஒரு கூட்டாளி வருவான். முதல் பாகத்தில் அவன் சொன்னதைக் கேட்பான், அவ்வளவுதான். இரண்டாவதில் கூட்டாளிக்குச் சொந்த மனம் உண்டு, நாம் கேட்டதை அவன் மறுக்கவும் செய்வான் என்று தயாரித்தவர்களில் ஒருவர் எங்கேயோ வாய்விட்டுவிட்டார். அவ்வளவுதான், உலகம் இரண்டாகப் பிரிந்தது. நாம் அடைபட்டுக் கிடந்தால் கூட்டாளி வந்து கதவைத் திறப்பானா, மாட்டானா?

இந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஜெரோமுக்கு அழைப்பு வந்தது. விளையாட்டுகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்காரர் அவன் எழுதியதைப் படித்திருக்கிறார். விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. திங்கட்கிழமை காலை ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், அன்றே சேர்ந்துகொள்ளலாம். பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்க இடமில்லாததை மறந்து துள்ளிக் குதித்து ஜெரோம் தலையை இடித்துக்கொண்டான். "ஏ அந்தோனியாரே!" என்று தலையைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

சைட் இன்சார்ஜிடம் போய்க் கேட்டான். அவர் கெட்டவர் இல்லை. "மூணு வருஷம்னு எழுதிக் குடுத்திருக்கல்லா? ஒனக்குத் தொறந்தா எல்லாவனுக்கும் தொறக்கணும்" என்றார். இன்னும் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் பாக்கி. அவ்வளவு நாள் பெங்களூர்க்காரர் காத்திருப்பாரா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்சார்ஜ் மச்சினன் கல்யாணத்துக்கு மதுரைக்குக் கிளம்பினார். போகும்போது பீரோ சாவியை என் கையில் கொடுத்தார். ஃபியூஸும் ரிலே கார்டுகளும் அதற்குள்தான் இருந்தன. "நீதான் நம்பிக்கையான ஆளு. திங்கக்கெழம காலைல வாங்கிக்கிடுதேன்" என்றார். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது, நம்புவீர்களா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகுதான் அது எந்தப் பீரோவின் சாவி என்று உறைத்தது. அப்பாவுக்கு மில் வேலை போய்விட்டிருந்தது. தங்கைக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்ததே, அண்ணன்காரன் கம்பெனி வேலையில் இருக்கிறான் என்பதால்தான். பீரோவிலிருந்து ஒரு கவர் காணாமல் போனால் யாரைக் கேட்பார்கள்?

சனிக்கிழமை ஒரு காற்றாலையின் தலைமேல் இருக்கிற காற்றுமானியை மாற்ற வேண்டியிருந்தது. ஏறும்போது சட்டைப் பையில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு சாவி விழுந்தாலும் கீழே வருகிறவன் மண்டை பிளந்துவிடும். எதுவானாலும் இடுப்பு பெல்ட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். அறையில் விட்டுவிட்டுப் போகப் பயந்து, சாவியை நான் அப்படித்தான் கட்டியிருந்தேன். ஜெரோம் எனக்குக் கீழே ஏறிவந்தான். எண்பது மீட்டரும் அது அவன் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்திருக்கும்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் காற்று கூடிவிட்டது. அந்தக் காற்றில் கூரைக்கு வெளியே தலை நீட்டக் கூடாது. வேலையை முடிக்காமல் இறங்கவும் முடியாது. தணியும் வரைக்கும் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டரை மணி நேரம். கியரின் மேல் சாய்ந்துகொண்டு ஜெரோம் ஆரம்பித்தான்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். அந்தச் சுத்தாத கோபுரத்துக்குள்ள மாட்டிக்கிட்டது நாமதாம்னு வச்சுக்கோ. சாவி நம்ம கூட்டாளி கையில இருக்கு. தொறப்பானா?"

என் கை பெல்ட்டுக்குப் போனது. கையை எடுத்துவிட்டேன். "எந்தக் கூட்டாளிங்கதப் பொறுத்து" என்றேன்.

"மொத நாள்ல இருந்து கூடவே வாரவன்."

"அவனுக்கும் சொந்த மனசு உண்டுன்னு சொல்லியிருக்கான்லா. அவனுக்கு ஒரு வீடு இருக்கும். தங்கச்சி இருப்பா."

"கேம்லயா? தங்கச்சியா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம், இருக்கலாம்." சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினான். "தொறந்தா அவனுக்கு என்னலே ஆவும்?"

"கோட்டைக்காரன் தலைய வாங்கிருவான்."

"நெசமாவே வாங்கிருவானா? இல்ல, நாலு ஏச்சு ஏசிட்டு விட்டுருவானா?"

அது இன்றுவரை எனக்குத் தெரியாது. "அது டிரெய்லர்ல காட்டல" என்றேன்.

ஜெரோம் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். பிறகு கையுறையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "நான் தொறப்பாம்னுதான் எழுதிப் போட்டிருக்கேன்" என்றான்.

ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். 'இறங்கினதும் ஆபீசுக்குப் போவோம்லே' என்று. அதை விட்டுவிட்டு, காற்று எவ்வளவு அடிக்கிறது என்று கையோடு கொண்டுவந்த மீட்டரைப் பார்த்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. தங்கை, அப்பா, கல்யாணம் எல்லாம் உண்மைதான் என்றாலும் அந்த நிமிஷம் எனக்கு இருந்தது பயம். அந்தப் பெட்டியில் மாட்டிக்கொண்டிருந்தது அவன் மட்டும் இல்லை என்று என்னை நானே பிற்பாடு சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் காற்று தணிந்தது. காற்றுமானியை மாற்றினோம், இறங்கினோம். அடியில் ஏணிக்குப் பக்கத்தில் நின்று அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். "டீ குடிப்பமா?" என்றேன். "ஊருக்குப் போற பஸ் வந்துரும்லே" என்றான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. திங்கட்கிழமை காலை இன்சார்ஜ் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, "பிரச்சினை ஒண்ணும் இல்லல்லா?" என்றார். இல்லை சார் என்றேன். ஜெரோம் வாசலில் உட்கார்ந்து வேலைக்கு ஏற பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகும் நாங்கள்தான் ஜோடி. அந்த போல்ட்டை எடு, இதை இறுக்கு, பிடி, விடு. ஒரு குறைவும் இல்லை, நன்றாகவே வேலை செய்தான். சாப்பாட்டு வேளையில் கீழே இறங்கிவிடுவான். நானாக ஒருநாள், "புது டிரெய்லர் வந்திருக்காமே" என்று எடுத்துக் கொடுத்தேன். "அப்படியா" என்றான். சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும்.

நேற்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு ரெண்டாங்கோட்டையைப் பற்றி வந்திருப்பதையெல்லாம் படித்தேன். கடல் இருக்கிறதாம். ஆறும் உண்டு, வளைவுகளை எண்ண எனக்குப் பொறுமை இல்லை. நிற்கிற கோபுரத்துக்குள் யாரும் கிடையாது, அதன் இறக்கையைச் சுற்றவிடப் படம் வரைந்தவர் மறந்துவிட்டாராம். கூட்டாளி மறுப்பான் என்றார்களே, அந்த வசதியும் இல்லை. ஆட்டத்தின் வேகத்தைக் கெடுக்கிறது என்று கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். இப்போது கூப்பிட்டால் எல்லாக் கூட்டாளியும் வருவான். இதை ஜெரோமிடம் சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவன் பழைய எண் உபயோகத்தில் இல்லை. தோஹாவில் இருக்கிறான் என்றார் ஒருவர், அண்ணன் படகில் போகிறான் என்றார் இன்னொருவர். அவன் எழுதிய இணையத்தளத்தையே மூடிவிட்டிருக்கிறார்கள், ஆயிரம் பாராட்டும் அதோடு போயிற்று. சான்றிதழ்கள்கூட இப்போதெல்லாம் செல்பேசியிலேயே வந்துவிடுகின்றன, யாரும் பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது.

மூன்று வருஷம் முடிந்த அன்று இன்சார்ஜ் ஜெரோமின் கவரை எடுத்துக் கொடுத்தார். அவன் ஒவ்வொரு தாளாகப் பார்த்து, மடங்கியிருந்த ஒரு முனையை நிமிர்த்தி, மறுபடியும் உள்ளே வைத்தான். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவன் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்துதான் சொல்லாமல் கிளம்புவோம். மற்ற எங்கிருந்தும், திரும்பி வரவே போவதில்லை என்றாலும், 'வாரேன்' என்று சொல்லித்தான் கிளம்புவோம். பஸ் வந்தது. ஜெரோம் என் கையிலிருந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். முகத்தில் கோபமே இல்லை. "போறேன்லே" என்றான்.