தெருக்குத்து வீட்டுக்கு ஒரு நோட்டீஸ்

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தின் பதினான்காம் மாடியில் இருக்கும் கோணேஸ்வரி அன்ரி, 1987இல் வீடு விற்கும் லைசென்ஸ் எடுத்தார். அதற்கு முன் பிளாஸ்ரிக் வாளி செய்யும் கம்பனியில் வேலை.

"மூண்டு மாசத்துக்குள்ள ஒரு வீடாவது விக்காட்டி, திரும்ப வாளிதான்" என்று லிஃப்ரில் ஏறுபவர்களிடமெல்லாம் சொல்வார்.

கையில் கிடைத்தது ஒரே ஒரு வீடு. ஸ்கார்பரோவின் அஜின்கோர்ட்டில், இக்னேசியஸ் என்பவருடையது. வேலை மாறிக் கல்கரிக்குப் போகிறார். கம்பனியின் ஆங்கிலப் படிவத்தில் அறை, ஹீற்றர், கூரை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. எங்கள் ஆட்கள் முதலில் கேட்கும் விஷயத்துக்குக் கட்டம் இல்லை. நேராக ஓடிவரும் தெரு வாசலில் வந்து முட்டினால் அது தெருக்குத்து. அப்படிப்பட்ட வீட்டைப் பலர் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அதனால் அன்ரி தன் கையாலேயே ஒரு தமிழ் நோட்டீஸ் எழுதிக் கடைகளில் ஒட்டினார்: "மூன்று படுக்கையறை. சித்திரையில் பேஸ்மென்ற் சுவரில் ஈரம் கசியும். தெருக்குத்து வீடு."

இக்னேசியசுக்குக் கோபம் வந்தது.

"பிள்ளை, உது என்ன வேலை? பதினொரு வருசம் இருந்திட்டன். என்னை எந்தத் தெரு குத்தினது?"

"உங்களுக்குக் குத்தாது அண்ணை. ஆனா, வாங்க வாறவை வாசலைக் கண்டிட்டுத் திரும்பிப் போவினம்."

"இப்ப வாசலுக்கே ஒருத்தரும் வராயினம்!"

அது உண்மைதான். மூன்றாம் மாதத்தின் கடைசி வாரத்தில்தான் சுந்தரராஜன் என்ற தமிழ்நாட்டுக்காரர் மனைவி அம்புஜத்தோடு வந்தார். பேஸ்மென்ற் சுவரைத் தடவிப் பார்த்தார். "நோட்டீஸ்ல போட்டதைவிடக் கம்மிதாங்க" என்றார். மேலே வந்து கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். அன்ரி பேனாவைத் திறந்து நீட்டினார்.

"கூத்து எந்த மாசம் நடக்கும், மேடம்?"

"என்ன கூத்து?"

"தெருக்கூத்து வீடுன்னு எழுதியிருந்தீங்களே! ஸ்கார்பரோவுல தெருக்கூத்தான்னு ரெண்டு பேருக்கும் ஒரே ஆச்சரியம்."

அவர் நோட்டீசை எடுத்து நீட்டினார். அன்ரியின் 'கு' வால் நீண்டு 'கூ' மாதிரியே இருந்தது.

"கோடையில, கோடையில" என்று இக்னேசியஸ் அவசரமாகச் சொன்னார்.

அன்ரி அவரை ஒரு பார்வை பார்த்தார். "இல்லை ஐயா. கூத்தில்லை, குத்து" என்று சொல்லி வாசற்கதவைத் திறந்து காட்டினார். தெரு நேரே வந்து படியில் முட்டியது.

சுந்தரராஜன் பேனாவை மூடினார். முகம் வாடிவிட்டது. குசினி யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்புஜம்தான் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வாங்க. அந்தக் கோடியில வர்றது பஸ்தானே?"

பஸ்தான். தெருவின் தொங்கலில் திரும்பி, ஆடி அசைந்து வந்து, வீட்டுக்கு எதிரே நின்றது.

"அங்க திரும்பும்போது கோட் மாட்டினா, இங்க வரும்போது வெளிய போனாப் போதும். போன ஜனவரில ஸ்டாப்புல நின்னு என் காதே விழுந்திருக்கும்."

"குத்து இருக்கே, அம்புஜம்."

"பனியில நின்னது மட்டும் குத்தலையா?"

சுந்தரராஜன் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்தது இக்னேசியசின் முறை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. கூரைக்குக் கீழ, அட்டிக்கில, அணில் இருக்குது."

"அண்ணை! எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா, அதையும் நோட்டீசில போட்டிருப்பீர்!"

"போட்டிருப்பன்தான்" என்ற அன்ரி, அணிலை வெளியேற்றி ஓட்டையை அடைப்பது வீட்டை விற்பவரின் பொறுப்பு என்று அந்தத் தாளிலேயே எழுதினார். எல்லோரும் அதற்குப் பக்கத்தில் இனிஷல் வைத்தார்கள்.

கல்கரிக்குப் போக ஒன்பது நாள் இருக்கையில், இக்னேசியஸ் ஏணியில் நின்று முணுமுணுத்தபடி கம்பிவலை அடித்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கோணேஸ்வரி அன்ரி.