கதவுக்கு உள்ளே ஓர் அந்தரம்

'அந்தரம்' என்ற சொல்லுக்கு வெளியூர்க்காரர் யாராவது அர்த்தம் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவசரம் என்று சொன்னால் அதில் பயம் இல்லை. கவலை என்று சொன்னால் அதில் ஓட்டம் இல்லை. பஸ் வெளிக்கிட்ட பிறகு ஒழுங்கைக்குள் ஓடி வருகிறவளும் அந்தரப்படுகிறாள்; மூச்சு இழுக்கிறவரும் அந்தரப்படுகிறார். "அந்தர ஆபத்துக்கு உதவும்" என்று ஒரு டோர்ச்சை எடுத்து வைக்கிறோம். ஒருவர் "அந்தரிச்சுப் போனன்" என்று சொன்னால் அவருக்கு ஆளில்லை என்று விளங்கிக்கொள்கிறோம். இதை எப்படி ஒரு வரியில் சொல்வது?

என் சித்தப்பாவிடம் அந்தச் சொல் ஒரு சத்தமாக இருந்தது. பாரிசவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கட்டிலோடு சாய்த்து வைத்திருந்த ஊன்றுபொல்லை எடுத்து நிலத்தில் தட்டுவார். மெதுவாகத் தட்டினால் தண்ணீர் வேண்டும். படபடவென்று தட்டினால் அந்தரம், அநேகமாகப் புரைக்கேறியிருக்கும். அம்மாவின் தங்கையான என் சின்னம்மா அடுப்பில் கிடப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். நான் நல்லூரிலிருந்து கொக்குவிலுக்கு அவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டு என் நெஞ்சும் திடுக்கிடும்.

"இந்தாள் எனக்கு முதல் போகவேணும் பிள்ளை," என்பார் சின்னம்மா. "நான் முதல் போனால் உந்தத் தட்டை ஆர் கேக்கிறது?"

அவர் விரும்பியபடியே சித்தப்பா முதலில் போனார். சின்னம்மாவுக்கோ சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. செத்த வீட்டு நாட்களில் அவர் சாப்பிட்டாரா, மருந்து போட்டாரா என்று யாரும் பார்க்கவில்லை. மூலையில் இருந்தார். வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வெளியே போய் அரசியல் கதைத்தார்கள்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, அவர் படுத்திருந்த அறையில் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிடுவார். அதுவரை யாரும் திறக்கக் கூடாது, எட்டியும் பார்க்கக் கூடாது. மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், அவித்த முட்டை, சுருட்டு, ஒரு போத்தல் இனிப்புச் சோடா எல்லாம் வைத்தோம். பொழுது படுகிற நேரம், சித்தப்பாவின் தமையன் கதவைச் சாத்தினார். நாங்கள் முற்றத்தில், அந்த அறையின் தாழ்வான யன்னலுக்கு நேரே நின்றோம். யன்னலும் சாத்தியிருந்தது, பலகைகளுக்கு இடையிலிருந்த நீக்கலால் குத்துவிளக்கின் வெளிச்சம் மட்டும் கோடாகத் தெரிந்தது.

அப்போது உள்ளே பொல்லு தட்டியது.

மெதுவாக ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. முற்றத்தில் ஒரு குழந்தைகூட அசையவில்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்தச் சீமெந்து நிலத்தில் அந்தப் பொல்லு எப்படிச் சத்தமிடும் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி வந்திட்டான்," என்றார் தமையன். தலைக்கு மேலே கைகளைக் குவித்தார். எல்லோரும் குவித்தார்கள். நானும்தான்.

"அப்பா தண்ணி கேக்கிறார்," என்று விம்மினாள் கனடாவிலிருந்து வந்திருந்த மகள். "ஐயோ, தண்ணி வைக்க மறந்துபோனம்!"

"சோடா வைச்சிருக்குத்தானே. ஒருத்தரும் உள்ளை போகக்கூடாது," என்றார் தமையன்.

தட்டு வேகமானது. படபடவென்று, ஒழுங்கில்லாமல், இடையிடையே நிலத்தில் உரசிக்கொண்டு. சனம் இன்னும் பலமாகக் கும்பிட்டது. எனக்கோ பயத்துக்குள்ளே ஒரு கோபம் கிளம்பியது. செத்துப்போன மனிசனுக்கு இனி என்ன அந்தரம்? புரைக்கேற மூச்சு வேண்டாமா?

தட்டு நின்றது.

"சாப்பிடத் தொடங்கிட்டான்," என்று தமையன் பெருமூச்சு விட்டார். சுற்றிலும் எல்லோருக்கும் முகம் தெளிந்தது. நான் மகளின் தோளைப் பிடித்தேன்.

"அம்மா எங்கை?"

"அங்காலை பொம்பிளையளோடை நிப்பா."

கிணற்றடியில் நின்ற பெண்களைப் பார்த்தேன். அவர்கள், சின்னம்மா எங்களோடு நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடினேன். "திறக்காதை, அவன் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போடுவான்!" என்று தமையன் பின்னால் கத்தினார். திறந்தேன்.

சின்னம்மா கட்டிலுக்கு அப்பால், அதோடு சாய்ந்தபடி நிலத்தில் கிடந்தார். சேலை வியர்வையில் தோய்ந்திருந்தது. பக்கத்தில் செம்பு உருண்டு, தண்ணீர் வாழையிலைவரை ஓடியிருந்தது. பொல்லு அவருடைய கையடியில் கிடந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைக் கண்டதாகத் தெரியவில்லை. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. படைத்த சோடாவை உடைத்து, தலையை நிமிர்த்திச் சிறிது சிறிதாகப் பருக்கினேன். "அவன்ரை சோடா," என்று வாசலில் யாரோ முணுமுணுத்தது கேட்டது. அவரை அந்த இடத்திலேயே அடித்திருப்பேன், கை சும்மா இருந்திருந்தால்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சின்னம்மா எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார். நான் பொரிந்து தள்ளினேன்.

"ஏன் சொல்லாமல் உள்ளை போனனீங்கள்?"

"தண்ணி வைக்கேல்லை எண்டு கடைசியிலைதான் நினைவு வந்தது. அந்தாளுக்குப் புரைக்கேறுமெல்லோ. கதவைச் சாத்த முந்தி வைச்சிட்டு வருவம் எண்டு செம்பிலை தண்ணி எடுத்துக்கொண்டு குசினிப் பக்கத்தாலை போனன். தலை சுத்திப் போட்டுது. அவையள் சாத்தினது தெரியும், ஆனால் வாய் வரேல்லை. பொல்லுத்தான் கைக்கு எட்டிச்சுது."

"பிறகேன் தட்டுறதை விட்டனீங்கள்? இன்னும் கொஞ்சம் தட்டியிருந்தால் நான் முதலே வந்திருப்பனே."

சின்னம்மா பிஸ்கட்டை மடியில் வைத்தார்.

"யன்னல் நீக்கலாலை பாத்தன். நான் தட்டத் தட்ட, எல்லாரும் என்ரை பக்கம் பாத்துக் கும்பிட்டுக்கொண்டு நிண்டியள். நீயும் நிண்டாய். அப்ப நானும் செத்துப்போனன் எண்டு நினைச்சன் பிள்ளை. அதாலைதான் விட்டிட்டன்."