சிரிலின் சட்டைக்கை

பன்றி விழுந்து அடங்கியதும் சிரில் செய்கிற முதல் வேலை, சட்டைக்கையின் பொத்தானைப் போடுவது. நாங்கள் எல்லோரும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டிருப்போம். அவன் மட்டும் மடிப்பை இறக்கி, மணிக்கட்டில் பொத்தானை மாட்டி, உள்ளங்கையால் இஸ்திரி மடிப்பைத் தடவிவிட்டுக்கொள்வான். அப்புறம் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே" என்பான். மழை வராது.

எங்கள் லோஷ் பள்ளத்தாக்கு வேட்டைக் குழுவில் சுட்டவன்தான் குடலெடுக்க வேண்டும். இறைச்சி குழுவுக்குப் போகும். ஈரலும் இதயமும் குண்டிக்காயும் கத்தி பிடித்தவனுக்கு. இந்தச் சட்டம் எங்கள் தாத்தாக்கள் பிறப்பதற்கு முன்பே இருந்தது, இதை யாரும் எழுதி மாட்டி வைக்கவில்லை. சிரில் எங்களுக்குள் நல்ல குறிகாரன். வருஷத்தில் விழுகிற பன்றிகளில் பாதி அவன் குண்டுக்குத்தான் விழும். ஆனால் இத்தனை வருஷத்தில் அவன் ஒரு முயலின் வயிற்றைக்கூடத் திறந்ததில்லை. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டு ஜன்னலில் வெங்காயத்தோடு வதங்கும் ஈரல் மணக்கும்.

தொழிலில் அவன் முடிதிருத்துபவன். ஊரில் ஒரே சலூன் அவனுடையதுதான். நாள் முழுக்கக் கையில் சவரக்கத்தி. அதைத் தோல்வாரில் தீட்டுகிற சத்தத்திலேயே பாதி வாடிக்கையாளர்கள் கண்ணயர்ந்துவிடுவார்கள். கத்தி ஒருவர் கழுத்தையும் கீறியதில்லை என்று பெருமை பேசுவான், அது பெரும்பாலும் உண்மைதான். எப்போதாவது பருவின் மேல் கத்தி பட்டு ஒரு சொட்டு இரத்தம் வந்துவிட்டால் சிரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தடவித் தடவிப் படிகாரக்கட்டியை வைத்து அழுத்துவான். ஒரு தடவை எனக்கு மூக்கின்மேல் வைத்து அழுத்தினான். இரத்தம் வந்தது தாடையில்.

இரத்தம் அவனுக்கு ஆகாது. பன்றி தூரத்தில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. பக்கத்தில் யாராவது வயிற்றைத் திறந்து, அந்தச் சூடான ஆவி முகத்தில் அடித்தால் ஆள் சாய்ந்துவிடுவான். அதனால் ரூடியோடு ஓர் ஏற்பாடு. மரமறுக்கும் பட்டறையில் வேலை செய்கிற ரூடி, சிரிலின் பன்றிக்குக் குடலெடுத்து, ஈரலை யாருக்கும் தெரியாத மாதிரி அவன் பையில் போட்டுவிடுவான். பதிலுக்கு ரூடிக்குச் சனிக்கிழமைதோறும் இலவசச் சவரம், வெந்நீர்த் துண்டு, தலைக்கு எண்ணெய். ரூடிக்குத் தலையில் முடி கிடையாது. "இந்த நாட்டுலயே வழுக்கைத் தலைக்கு வாராவாரம் முடி வெட்டிக்கிறவன் நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

வேட்டைக்குக் கிளம்புமுன் எங்கள் குழு வீட்டில் காப்பியும் ஜூனிபர் சாராயமும் குடித்துக்கொண்டு பேசுவதெல்லாம், குடலெடுக்காமல் நழுவ சிரில் சொல்லப்போகும் சாக்கைப் பற்றித்தான்.

"இன்னைக்கு என்னப்பா, முதுகா மணிக்கட்டா?" என்று ரூடி ஆரம்பிப்பான்.

"முதுகு போன வாரம் போச்சு. இன்னைக்குத் தோள்பட்டை முறை" என்பேன் நான்.

"அதெல்லாம் பழசு" என்பார் குழுத்தலைவர் வலென்டின். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் விசில் ஊதுகிற மாதிரிதான் சொல்வார். "போன மாசம் கல்யாணப் பையனுக்குச் சவரம் இருக்குன்னு ஓடினானே, அந்தப் பையன நேத்து கடைவீதில பாத்தேன். தாடியோடதான் இருக்கான்."

சிரில் அசரமாட்டான். சாராயத்தை ஒரு வாய் வைத்துக்கொண்டு, சலூனில் கதை சொல்கிற குரலில் எங்கள் யோக்கியதையை எடுத்துவிடுவான்.

"பேசுங்கடா, பேசுங்க. ஒருத்தன் மூத்திரப்பையக் குத்தி தலைவரோட பூட்ஸ ரொப்பினான். இன்னொருத்தன் மான் வயித்துக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டு அரை மணி நேரம் பித்தப்பை தேடினான். நான் எதையும் குத்தல, எதையும் தேடல. இந்தக் குழுவுல களங்கமில்லாத ஆள் நான் ஒருத்தன்தான்."

பூட்ஸை நிரப்பியது ரூடி. பித்தப்பை தேடியது நான். குழுவில் சேர்ந்த புதிதில், "பித்தப்பைய எடுக்காம விட்டா கறி கசந்துடும்" என்று இந்தப் பாவிகள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்கள். நானும் தேடினேன். மானுக்குப் பித்தப்பையே கிடையாது. பால் லாரி ஓட்டுகிற எனக்கு அது எப்படித் தெரியும்?

சிரிலின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் காசு போட்டு ஒரு நல்ல வேட்டைக்கத்தி வாங்கிக் கொடுத்தோம். கேலிக்குத்தான் கொடுத்தோம். அவன் கண் கலங்கி வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வருகிறான். உறையிலிருந்து அதை ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை.

இதெல்லாம் போன இலையுதிர்காலம் வரை சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சிரிலின் மனைவி அமாலியா வேட்டை உரிமத்துக்கான பரீட்சை எழுதித் தேறினாள். முதியோர் இல்லத்தில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய அப்பா செத்த பிறகு அவருடைய துப்பாக்கி இவளுக்கு வந்தது. "ஞாயித்துக்கிழமையானா நான் மட்டும் தனியா உக்காந்து சூப்ப ஆற வெச்சுக்கிட்டிருக்கணுமா?" என்று கேட்டாளாம்.

பரீட்சைக்கு அவள் சலூனில்தான் உட்கார்ந்து படித்தாள். நான் நாற்காலியில் நுரையோடு இருந்தபோது ஒருநாள், "பன்றிக்கு முதல் கீறல் எங்க போடறது?" என்று அவனைக் கேட்டாள். சிரில் என் கன்னத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் கைப்பழக்கம் அமாலியா, சொன்னா வராது" என்றான். அவள் "சரி" என்று பக்கத்தைப் புரட்டினாள்.

நவம்பர் மாதக் கூட்டு வேட்டை அவளுக்கு முதல் வேட்டை. அன்று காலை ரூடி, முதுகா மணிக்கட்டா என்று வாயெடுத்தவன் அவளைப் பார்த்ததும் ரொட்டியை அடைத்துக்கொண்டான். சிரில் சாராயத்தைத் தொடவில்லை. என்னைக் கையைப் பிடித்து விறகுக் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"அவங்க அப்பாவ உனக்குத் தெரியும்ல" என்றான். "எல்லாரும் பொண்ணு பாக்கப் பூவோட போவாங்க. நான் ஈரலோட போனேன். வாசல்லயே நிறுத்தி, யாரு குடலெடுத்ததுன்னு கேட்டார். சுட்டுட்டு ஒதுங்கி நிக்கிறவனுக்கு எங்க வீட்டுல வேலையில்லன்னார். நான்தான் எடுத்தேன்னு சொன்னேன். அவ அவருக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. இன்னைக்கு வரைக்கும் அத நம்பிக்கிட்டிருக்கா."

"அதனால என்ன, சிரிச்சுட்டுப் போயிடுவா."

"உனக்குத் தெரியாது. கத்தினாக்கூடப் பரவாயில்ல. அவ கத்தமாட்டா. சும்மா ஒரு பார்வை பாப்பா. இனிமே நான் மழை வருதுன்னு சொன்னாலும் அந்தப் பார்வையோட வெளிய எட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவா."

"அப்ப இன்னைக்குச் சுடாதே. குறிய விட்டுடு."

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். குறி தவறுவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. எனக்கு அந்தக் கவலை எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் அவனைப் பார்க்க மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

பனிமூட்டம் விலகும் நேரத்தில் நாய்கள் குரைத்துக்கொண்டு பள்ளத்தைத் தாண்டி வந்தன. பீச் மரங்களுக்கு நடுவே ஒரு வாலிப ஆண்பன்றி, வேறு இடமே இல்லாததுபோல நேரே சிரிலின் பக்கம் ஓடியது. ஒரே வெடி. நான் போய்ச் சேர்ந்தபோது பன்றி விழுந்த இடத்திலேயே கிடந்தது. சிரில் அதன் பக்கத்தில், தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். கொஞ்சம் தள்ளித் தனக்குக் கொடுத்த காவல் இடத்திலிருந்து அமாலியா நடந்து வந்துகொண்டிருந்தாள்.

தலைவர் வந்தார். வழக்கப்படி ஃபிர் மரத்திலிருந்து ஒரு சின்னக் கிளையை ஒடித்துப் பன்றியின் வாயில் கடைசிக் கவளமாக வைத்தார். இன்னொரு கிளையைக் காயத்தில் தொட்டுத் தன் தொப்பியின்மேல் வைத்து நீட்டினார். சிரில் அதை எடுத்துத் தன் தொப்பியில் செருகிக்கொண்டான். கை குலுக்கியாயிற்று. இனி குடலெடுக்க வேண்டியதுதான்.

வருஷக்கணக்காக அவன் மானத்தை வாங்கியவர்கள் நாங்கள். அந்த நிமிஷத்தில் என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

"அவனுக்கு முதுகு பிடிச்சிருக்கு" என்றேன் நான்.

"மணிக்கட்டு சுளுக்கு" என்றான் ரூடி, அதே மூச்சில்.

"நவம்பர்ல தலைவர்தான் குடலெடுக்கணும்னு போன கூட்டத்துல முடிவாச்சு" என்றார் வலென்டின். அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை.

அமாலியா எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "முதுகு, மணிக்கட்டு, கூட்டம்" என்றாள். "காலையில ரெண்டு துப்பாக்கியையும் சாப்பாட்டுப் பெட்டியையும் மாடியிலேர்ந்து இவன்தான் தூக்கிட்டு வந்தான்."

"தள்ளுங்கடா" என்று சிரில் மண்டியிட்டான். கையை மடிக்க வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை. பொத்தான் போட்ட வெளிர்பச்சைச் சட்டையோடு, உறையிலிருந்து கத்தியை உருவினான். கத்தியின் அலகில் கடையின் விலைச்சீட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவளும் பார்த்தாள்.

தொழில் பழக்கம், சிரில் முதலில் பன்றியின் வயிற்றைக் கட்டைவிரலால் நீவி, மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்தான். ரூடியால் அடக்க முடியவில்லை. "சோப்பு கொண்டுவரட்டுமா?" என்று முனகினான். நான் அவன் காலை மிதித்தேன். சிரில் கத்தி முனையை வைத்தான். ஒரு விரல் நீளம் கீறினான். சிவப்பு எட்டிப் பார்த்தது. அவன் முகம் சலூன் துண்டு மாதிரி வெளுத்தது. கண்ணை மூடிக்கொண்டான். தலைவர் தன் பூட்ஸை இரண்டடி பின்னால் நகர்த்தினார்.

அமாலியா எதிரே மண்டியிட்டு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை வாங்கினாள்.

"பின்னங்கால யாராவது பிடிச்சாத்தான் புதுசா செய்யறவளுக்கு வசதி" என்றாள். "பரீட்சையில படம்தான் வரைஞ்சேன். நீ பிடி. மரத்தப் பாத்துக்கிட்டே பிடி."

"மரத்தையா?"

"ஆமா. நேத்து கடைக்கு யார் யார் வந்தாங்க, சொல்லு."

விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். சிரில் ஃபிர் மர உச்சியைப் பார்த்துக்கொண்டு பேசினான். முதலில் வெறும் பெயர்களாகச் சொன்னான். அப்புறம் ரொட்டிக்கடைக்காரன் விவாகரத்து, பாதிரியாரின் புதுப் பல்செட்டு, தபால்காரனின் மீசையில் ஒரு பக்கம் குறைந்துபோன கதை என்று சரளமாக வந்தது. ரூடி எட்டிப் பார்த்து, "மூத்திரப்பை, மூத்திரப்பை" என்று கிசுகிசுத்தான். "தெரியும்" என்றாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. தலைவர் பூட்ஸை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்.

ஈரலை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பித்தப்பையை நறுக்கி ஒதுக்கினாள். நல்ல ஈரல், ஒரு புள்ளி கிடையாது.

"சட்டப்படி இது இனிமே அமாலியாவுக்குத்தான்" என்று ரூடி பெருமூச்சு விட்டான். "என் சனிக்கிழமைச் சவரம் போச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் உளறியது உறைத்தது. வழுக்கை முழுக்கச் சிவந்துவிட்டது. சிரில் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். அவன் பயந்த அந்தப் பார்வைக்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அமாலியா ஈரலைப் பையில் போட்டு, முடிச்சிட்டு, எழுந்து போய் அதைச் சிரிலின் தோளில் வழக்கமாகத் தொங்குகிற இடத்தில் மாட்டினாள். பிறகு அவனுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். முந்தின நாள் அவளே இஸ்திரி போட்ட சட்டைக்கை, பொத்தான் போட்டபடி, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் சட்டையத் துவைக்கிறேன். ஒரு தடவைகூட இதுல ரத்தக் கறை பாத்ததில்ல" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். அவள் இரத்தத்தில் நனைந்த தன் இரண்டு விரல்களை அந்தச் சட்டைக்கையில், பொத்தானிலிருந்து விளிம்பு வரை, நிதானமாகத் துடைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். போதவில்லை போலிருக்கிறது. அவனுடைய இடது கையையும் கேட்டுத் தன் உள்ளங்கையை நீட்டினாள்.